மூட்டைக்கு இவ்வளவு: விருதுநகர்க் குறிப்புகள்

விருதுநகருக்கு இயற்கை பெரிதாக எதுவும் கொடுத்துவிடவில்லை. சுற்றிலும் கரிசல் காடு, வானம் பார்த்த வெள்ளாமை. கௌசிகா ஆறு மழையை நம்பியது. துறைமுகம் இல்லை, எந்த அரசனும் இங்கே கோட்டை கட்டி ஆளவில்லை. இருந்தும் தென் மாவட்டத்து மளிகை வியாபாரிகள் எண்ணெய்க்கும் பருப்புக்கும் வத்தலுக்கும் விலை கேட்பது இந்த ஊரில்தான். ஏன் இந்த ஊர்? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவ்வப்போது எழுதிவைத்தவை இவை.

*

முதலில் தோன்றும் பதில் ரயில். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின, கரிசல் பருத்திக்கு மவுசு வந்தது. 1876இல் மதுரையிலிருந்து இந்த ஊர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. 1927இல் இங்கிருந்து தென்காசிக்குக் கிளைப் பாதை பிரிந்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை தண்டவாளம் ஏற்கெனவே இருந்ததால் மலையாளக் கரையின் சரக்கும் இந்தப் பக்கம் வர வழி பிறந்தது.

ஆனால் சாத்தூரும் கோவில்பட்டியும் அதே தூத்துக்குடிப் பாதையில்தான் இருக்கின்றன. ரயில் சரக்கைக் கொண்டுவந்து இறக்கும். இறங்கிய சரக்கை நம்பிக் கடன் கொடுக்கவும், விலை விழுந்தால் தாங்கவும் ஊருக்குள் ஓர் ஏற்பாடு வேண்டும்.

*

அந்த ஏற்பாடு ரயிலுக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டில் தெற்கே பனங்காட்டுப் பகுதியிலிருந்து நாடார் வியாபாரிகள் மாட்டு வண்டிகளில் வடக்கே வந்தார்கள். வழியில் கொள்ளை பயம். தங்கப் போனால் சாதியைச் சொல்லித் தள்ளிவைத்த ஊர்கள். அதனால் தங்களுக்கென்று பேட்டைகள் கட்டிக்கொண்டார்கள். சுற்றுச்சுவர், உள்ளே கிணறு, வண்டி அவிழ்க்கவும் மாடு கட்டவும் இடம், சரக்குக்குக் காவல். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி என்று ஆறு ஊர்கள் இப்படி எழுந்தன.

பேட்டையைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அதற்குத்தான் மகமை. விற்கிற வாங்குகிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை உறவின்முறை என்கிற சாதிச் சபையின் பொதுக் கணக்குக்குப் போகும். லாபம் வந்த வருஷம் மட்டும் கொடுக்கிற நன்கொடை அல்ல இது. சரக்கு கை மாறினாலே மகமை உண்டு. அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், வழக்கு நடத்தினார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள்.

என் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். தனித்தனிக் கடைகள் எத்தனை சேர்ந்தாலும் கடைத்தெருதான் ஆகும். கடைக்காரர்கள் கூடிப் பொதுவில் எடுத்துவைத்தது இந்தக் கடைத்தெருவை ஊராக்கியது.

*

க்ஷத்திரிய வித்யாசாலா. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மகமைப் பணத்தில் எழுந்த பள்ளி. வீடுகளில் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டுவைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிக்குப் போகும். கடையில் ஆண்கள் மகமை எடுத்தார்கள், அடுப்படியில் பெண்கள் பிடி அரிசி எடுத்தார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் முதலாவதை நீட்டி எழுதி இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் சமம்.

தேங்காய் வியாபாரி குமாரசாமி நாடாரின் மகன் காமராஜ் (பிறப்பு 1903) இந்தப் பள்ளியில் படித்தவர். படிப்பு பாதியில் நின்று மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவர். பின்னாளில் முதலமைச்சராகி அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அரசின் பங்கோடு ஊர்மக்களின் பங்கும் சேர்ந்துதான் பிள்ளைகளின் தட்டில் சோறு விழுந்தது. பிடி அரிசியால் நடந்த பள்ளியில் படித்தவருக்கு அந்த வழி புதிதாக இருந்திருக்காது.

*

மிளகாய் வத்தல் மண்டி. வாசலில் கால் வைக்கும் முன்பே நெடி தொண்டையைப் பிடிக்கிறது. பழக்கப்பட்டவர்கள் தும்முவதில்லை. வாங்க வந்தவர் திறந்த சாக்கில் கையை ஆழமாக விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுக்கிறார், மேலாக இருப்பதைத் தொடுவதே இல்லை. நன்றாகக் காய்ந்த வத்தலைக் காதருகே குலுக்கினால் விதை கலகலக்கும். சத்தம் இல்லையென்றால் ஈரம். ஈரம் இன்றைக்கு எடை, நாளைக்குப் பூஞ்சை. அடுத்து காம்பைப் பார்க்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், ஒன்றை ஒடித்து முகர்கிறார். அவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள். பிறகுதான் விலைப் பேச்சு.

பருப்பு மூட்டை என்றால் சாக்கைப் பிரிக்க வேண்டியதில்லை. குத்தூசியைச் செருகி இழுத்தால் அதன் குழிவில் உள்ளிருக்கும் மணி வந்துவிடும். சாக்கின் ஓட்டையை ஊசி நுனியாலேயே நீவி மூடிவிடுவார்கள்.

*

நாளிதழ்களில் வரும் ‘விருதுநகர் மார்க்கெட்’ நிலவரத்தை விடாமல் படிப்பேன். எண்ணெய் 15 கிலோ டின்னுக்கு, மல்லி 40 கிலோவுக்கு, பருப்பு 100 கிலோவுக்கு என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அளவு. உளுந்து ஏறினால் எங்கோ இட்லி மாவு விலை ஏறப்போகிறது. மல்லி இறங்கினால் கரிசலில் ஒரு விவசாயிக்குக் கூலி கொடுக்கக்கூடக் கட்டாது. நாலு அங்குலச் செய்திக்குள் இத்தனை குடும்பங்களின் மாதக் கணக்கு இருக்கிறது.

*

1915இல் நகராட்சி. 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி. 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகர். அரசு அலுவலகங்கள் வந்தது கடைசியில். அதற்கு வெகு முன்பே ஊர் தன்னைத் தானே நடத்தக் கற்றுக்கொண்டிருந்தது.

*

மூட்டை தூக்கும் ஊர் அரசியலையும் தூக்கியது. 1931இல் சுயமரியாதை மாநாடு இங்கே நடந்தது. 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார் இங்கேதான் உண்ணாவிரதம் தொடங்கினார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளில் ஒன்று. அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். 1967 தேர்தலில் இதே ஊர் காமராஜரையும் தோற்கடித்தது, 1,285 வாக்கு வித்தியாசத்தில்.

*

ஒன்றை மறைக்கக் கூடாது. மகமை ஒரு சாதியின் தற்காப்பாகப் பிறந்தது. இழிவு செய்யப்பட்டவர்கள் யாரிடமும் கையேந்தாமல் எழுந்து நின்ற கதை என்பதால் அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முதுகில் மூட்டை சுமந்தவரும், நாளெல்லாம் எரிச்சலோடு வத்தல் காம்பு கிள்ளிய பெண்ணும் அந்தக் கணக்கைத் தீர்மானிக்கிற இடத்தில் இருந்ததில்லை. இந்தச் சந்தையின் வளர்ச்சியில் அவர்கள் உழைப்பும் முதல்தான். அதை எழுதாத ஊர் வரலாறு அரைகுறை.

*

பழைய வியாபாரக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பேரேடுகளையும் சிட்டைகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷம் பருத்தி என்ன விலை, சுமைகூலி எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு போயிற்று, எந்தப் பஞ்சத்தில் யார் கடனைத் தள்ளுபடி செய்தார் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். ஊரிலேயே கல்லூரிகள் இருக்கின்றன, வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்க இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.