காமன் பொட்டலில் ஓர் இரவு

இலங்கையின் பசறைக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம். மாசிப் பௌர்ணமி, போயா விடுமுறை. தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பரா ஒன்றில் மதியம் மூன்று மணிக்கே அரிதாரம் பூச ஆரம்பித்துவிட்டார்கள். ரதியாக ஆடப்போகிற இளைஞர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வரை கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. காய்த்துப்போன அந்தக் கையில் கண்ணாடி வளையல் ஏற மறுத்தது. கூத்து மாஸ்டர் தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக ஏற்றினார்.

"அவசரப்பட்டா ஒடைஞ்சிரும் தம்பி. மதன் எரியிற வரைக்கும் ரதி வளையல் ஒடையக் கூடாது" என்றார் என்னிடம்.

காமன் கூத்து மலையகத் தமிழரின் பெருங்கூத்து. காப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்தும் படகேறியும் வந்தவர்கள் நெஞ்சில் சுமந்துவந்த கலை. அவர்கள் வருகைக்கு 2023இல் 200 ஆண்டுகள் நிறைந்தன. சிவனின் தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண்ணில் எரிவதும், ரதி கெஞ்சி அவன் உயிரை மீட்பதும்தான் கதை. மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டதும் காமன் பொட்டல் என்ற திடலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ரதி, மதன் வேடக்காரர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். இரு வேடமும் ஆண்களுக்கே.

மதனின் கிரீடத்தை மாஸ்டர் என் கையில் கொடுத்தார். அட்டையில் வெட்டி, ஜிகினாத்தாள் ஒட்டி, உடைந்த முகக்கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருந்தார். வீட்டுக்கு வீடு சேர்த்த காசில்தான் இத்தனையும். வெளியே தப்புப் பறைகளை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக்குளிரில் தோல் தொய்ந்துவிடும். சூடேறினால்தான் கணீரென்று பேசும்.

இருட்டியதும் ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிவந்தார்கள். வாசலுக்கு வாசல் ஆரத்தி. நடுச்சாமத்துக்கு மேல் காமன் பொட்டலில் தூதன் வந்தான், எமன் வந்தான், குறவனும் குறத்தியும் வந்தார்கள். வீரபத்திரன் இறங்கியபோது இடுப்புக் கயிற்றை நான்கு பேர் இழுத்துப் பிடித்தும் அடங்கவில்லை. குழந்தைகள் வீறிட்டுத் தாய்மாரின் சேலைக்குள் ஒளிந்தார்கள்.

ஐதராபாத்தின் ராமோஜி திரைப்பட நகரத்துக்கு நான் போயிருக்கிறேன். வேடக்காரர்கள் கைகொடுத்தார்கள், ஆடினார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளோடு நானும் மகிழ்ந்தேன். வேடத்துக்கு உள்ளே இருந்தவர் யார் என்று மட்டும் தெரியாது. இங்கே எல்லோருக்கும் தெரியும். ரதி மேல் லயத்துப் பையன், சிவனாக ஆடியவர் கொழுந்தை லொறியில் ஏற்றி இறக்குகிறவர். தெரிந்தும் மதன் எரிந்ததும் பெண்கள் அழுதார்கள். ரதி மண்ணில் விழுந்து ஒப்பாரி வைத்து, அத்தனை பாடுபட்டு ஏற்றிய வளையல்களைத் தட்டி உடைத்தபோது என் பக்கத்தில் நின்ற அம்மா, "ஐயோ, எம் புள்ள" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாலி இழந்த துக்கத்தைத் தம் வீட்டிலேயே கண்டவர்கள் அந்தப் பெண்கள். அந்தக் கூத்து அவர்களுக்காகவும் அழுதது.

விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனேன். ரதியாக ஆடியவர் கத்தியோடு வரிசையில் நின்றார். காதோரம் அரிதாரம் போகவில்லை. மணிக்கட்டில் ஒரு கீறல். ராத்திரி முழுக்க ஆடியவருக்கு அன்றைக்கும் வேலை செய்து பேர் விழுந்தால்தான் சம்பளம்.

இந்தக் கலைஞர்களைப் பாராட்டிப் பேசுவது போதாது. உடைக்கும் தப்புக்கும் நிலையான உதவி வேண்டும். பிள்ளைகளைப் பழக்கும் மாஸ்டர்மாருக்கு மாதக் கொடுப்பனவு வேண்டும். பள்ளிக்கூடங்கள் அவர்களை ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். பதுளையிலிருந்து பசறைக்கு பஸ் இருக்கிறது. அடுத்த மாசிக்கு உங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.