அத்தை அனுப்பும் அத்தியாயங்கள்

மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த 1980-களில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' எல்லாம் கிளிப் மாட்டித் தொங்குமாம். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று யாரை வாங்கினாலும், மதுரையில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் கொலையாளி சிக்கிவிடுவான். என் அத்தைக்கு அதில் திருப்தியே இல்லை. "அடுத்த வாரம்னு ஒண்ணு இருந்தாத்தான்டி அது கதை" என்பார். வார இதழ்த் தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்தவர் அவர்.

அந்த 'அடுத்த வாரம்' இப்போது செல்போனில் திரும்பி வந்துவிட்டது. பிரதிலிபி போன்ற செயலிகளில் கதைகள் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் வருகின்றன. அத்தை வாசிப்பதோடு நிற்கவில்லை. மூன்று வருடங்களாகப் புனைபெயரில் எழுதுகிறார். மாமாவுக்குத் தெரியாது. (புனைபெயரைச் சொல்ல மாட்டேன். மாமா போனில் கிரிக்கெட் ஸ்கோர் தவிர எதையும் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

கல்யாணத்துக்கு முன்பே அத்தை பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியிருக்கிறார், தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு. திரும்பி வந்த ஓர் உறையைத் தாத்தா பிரித்துப் படித்துவிட்டார். காதல் கதை. அன்றோடு பேனாவை மூடியவர்தான். நாற்பது வருடம் கழித்து, ராத்திரி அடுப்பைத் துடைத்து முடித்த பிறகு, கட்டைவிரலால் தட்டித் தட்டி எழுதுகிறார். ஆசிரியர் ஒப்புதலும் வேண்டாம், தபால்காரரும் வேண்டாம்.

எனக்கு ஒரு புகார் உண்டு. ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டும் சத்தத்திலேயே முடிகிறது. சொன்னால், "வாரப் பத்திரிகையில மட்டும் வேற என்னடி பண்ணாங்க?" என்கிறார். டிஜிட்டல் டெஸ்க்கில் தினமும் தலைப்பு வைக்கிற நான் இதற்கு என்ன பதில் சொல்ல?

பயம் வேறு விஷயத்தில். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்க 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சிக்கு 'மதுரைத் திட்டம்' என்று நம் ஊர்ப் பெயர்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்'கூட அங்கே இருக்கிறது. அத்தை போன்றவர்கள் எழுதுவதை யார் சேர்த்துவைப்பார்கள்? செயலியை மூடினால், கிழித்து பைண்டிங் செய்யக் காகிதம்கூட இருக்காது.

அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் எனக்கு மெயில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதுவரை 42 வந்திருக்கின்றன. கதாநாயகிக்கு வேலை உத்தரவு தபாலில் வந்துவிட்டது. உறை மாமனார் கையில் இருக்கிறது. 43 இன்னும் வரவில்லை.