எண்ணெயில் கலந்த நீர்

புலவர் பலர் ஆற்றைப் பாடினர், மலையைப் பாடினர், மதியைப் பாடினர். பழைய மீட்பு வண்டியொன்றின் எண்ணெய்க் குழாயை எவரும் பாடியதாக யான் கற்ற நூல்களில் இல்லை. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் மாணவன் அப்பொருளை எடுத்து எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகை விளைப்பினும் விளைக்கும். எனினும், சென்ற ஐப்பசி விடுமுறையில் யான் அவ்வண்டியின் அடியிற் படுத்துக் கற்ற பாடம் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் முன்செய்த பிழையை மீண்டும் செய்தலாகும்.

என் ஊர் நாமக்கல். ஒரே பாறையாய் ஓங்கி நிற்கும் மலையும், அதன் முடியிற் கோட்டையும், அடியிற் கமலாலயக் குளமும் அவ்வழிச் சென்றோர் அறிவர். முன்பு சேலம் மாவட்டத்திற் சேர்ந்திருந்த எம்மூர் 1997ஆம் ஆண்டிற் புது மாவட்டமொன்றின் தலைநகராயிற்று. ஆயினும், வெளியூரார் எம்மூரை அறிவது பெரும்பாலும் லாரியினாலேயாம். லாரிக்குப் பாடி கட்டுவோர், ஸ்பிரிங் பட்டை அடிப்போர், வர்ணம் பூசுவோர், டீசல் பம்பு பார்ப்போர் எனச் சாலையின் இருமருங்கும் பட்டறைகள் நிரைந்திருக்கும்.

என் தந்தையார்க்கு உடைமையாவது ஒரு மீட்பு வண்டி. ஊரார் அதனை ‘ரெக்கவரி வண்டி’ என்பர். ஆறு சிலிண்டர் உடையது, என்னினும் மூத்தது. பின்புறத்தே கிரேன் கையும், இரும்பு வடமும், பெருங்கொக்கியும் அமைந்தது. வழியிற் பழுதுற்று நின்றவற்றையும் பள்ளத்தில் வீழ்ந்தவற்றையும் இழுத்துவருதல் அதன் தொழில். என் கல்லூரிச் சம்பளம் அக்கொக்கியிற் றொங்கியே வருகின்றது.

விடுமுறைக்குச் சென்ற முதல் நாளே தந்தையார் ஒரு சிறு வேலை பணித்தார். “தம்பி, மழை வருகிறது, டீசல் பீப்பாயைப் படுக்க வைத்துவிடு” என்றார். யான் ‘ஆகட்டும், அப்பா’ என்று சொல்லிக் கையிலிருந்த இலக்கண நூலிற் புகுந்தேன். பீப்பாய் நின்றவாறே நின்றது. நிறுத்திவைத்த பீப்பாயின் தலையில், விளிம்பினுள்ளே, மழைநீர் குளம்போற் றேங்கும். பகல் வெம்மையில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் மரைவழியே வெளிச்செல்லும். இரவுக் குளிர்ச்சியில் அது சுருங்குங்கால், தேங்கிய நீரை மூடி உள்ளுறிஞ்சும். டீசல் நீரினும் இலேசானதாகலின் மேலே மிதக்க, நீர் அடியிற் றங்கும். மேலிருந்து பார்ப்போர்க்கு எல்லாம் எண்ணெயாகவே தோன்றும். ஒரு வாரம் மழை பெய்தது. அதன்பின் வண்டிக்கு எண்ணெய் ஊற்றியவனும் யானே; துணியிட்டு வடிகட்டும் வழக்கத்தையும் அன்று சோம்பலால் விடுத்தேன்.

அன்றிரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மல்லூருக்கு அருகே சரக்கு லாரி ஒன்று பள்ளத்திற் சாய்ந்துவிட்டது. ஓட்டுநரின் கால் இரும்பினிடையே சிக்கிக்கொண்டது. தந்தையாரும் யானும் மழையிற் புறப்பட்டோம். புதுச்சத்திரம் தாண்டுமுன் வண்டி இருமிற்று, தள்ளாடிற்று, நின்றுவிட்டது. தந்தையார் இறங்கி, விளக்கைப் பிடிக்கச் சொல்லி, எண்ணெய் வடியும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார். அதனுள் அடியில் மூன்று விரல் உயரம் தெளிந்த நீர்! வடித்து மாட்டினார், சிறிது ஓடி மீண்டும் நின்றது. இருமுறை முயன்றபின், வேறு வண்டியை அழைக்குமாறு தொலைபேசியிற் கூறினார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து யான் கேட்டதில்லை. வேறு கிரேன் போய்ச் சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஓட்டுநரை உயிருடன் மீட்டுச் சேலத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர் என்று கேட்டோம். பிறரை இழுத்துவரும் எங்கள் வண்டியை விடியலிற் பிறிதொரு வண்டி இழுத்துவந்தது.

யான் வாய் திறந்தேனல்லேன். காலையில் தந்தையார் சட்டையை அணிந்துகொண்டு, “பங்க்கில் நீர் கலந்து கொடுத்துவிட்டார்கள், போய்க் கேட்டு வருகிறேன்” என்று புறப்பட்டார். அந்தப் பங்க்கார் பல்லாண்டு எங்கட்குக் கடன் கொடுத்து உதவியவர், குற்றமற்றவர். படியிறங்கும் தந்தையாரைக் கண்டதும் என் நாவிற் கட்டு அவிழ்ந்தது. “அப்பா, பீப்பாயைப் படுக்க வைக்கவில்லை, வடிகட்டவும் இல்லை. பிழை என்னுடையது” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “டேங்க்கை இறக்கு, தம்பி” என்றார். அவ்வளவே.

அன்று தொடங்கிற்று வேலை. டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தபோது நீரும் துருவும் செஞ்சேறாக வீழ்ந்தன. உள்ளே சங்கிலித் துண்டும் சிறிது டீசலும் இட்டுக் குலுக்கிக் குலுக்கித் துரு நீங்கக் கழுவினோம். குழாய்கள் ஒவ்வொன்றையும் காற்றழுத்தத்தால் ஊதினோம். பில்டர்களை மாற்றினோம், மூட்டுகளிலிருந்த செப்பு வாஷர்களையும் புதுக்கினோம். பம்பை மட்டும் எம்மால் திறத்தல் இயலாது. அதற்குரிய பட்டறைக்கு எடுத்துச் சென்றோம்.

டீசல் எந்திரத்தில் தீப்பொறி இல்லை என்பது பலர் அறிந்ததே. காற்றைப் பதினாறு மடங்குக்கு மேல் நெருக்குங்கால் அது கொதித்து நிற்கும். அதனுட் சீறிப் பாயும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்னும் பொறியாளர் இக்கருத்திற்கு 1892ஆம் ஆண்டில் உரிமை வேண்டினார். ஆக்ஸ்பர்க் நகரில் 1897ஆம் ஆண்டிலேயே எந்திரம் செவ்வனே ஓடிற்று. ஆயினும், எண்ணெயை அளந்து பாய்ச்சும் சிறு பம்பு கைகூடும்வரை அது வண்டிக்கு எளிதில் அடங்கவில்லை. ராபர்ட் பாஷ் என்பாரின் தொழிற்சாலை 1927ஆம் ஆண்டில் அத்தகைய பம்புகளைத் தொகுதியாகச் செய்யத் தொடங்கியபின்னரே டீசல் லாரி பெருகிற்று. நம் நாட்டில் டாட்டா நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவுடன் 1954ஆம் ஆண்டில் லாரி செய்யத் தொடங்கிற்று.

பட்டறை மேஸ்திரி பம்பைப் பிரித்து, ஆறு எலிமென்ட்டுகளைத் தட்டில் வரிசையாக வைத்தார். எலிமென்ட்டு என்பது ஒரு பிளஞ்சரும் அஃது இயங்கும் குழலும் ஆகிய இணை. யான் ஒன்றை எடுத்து மற்றொன்றன் அருகே வைக்கப் போனேன். “மாற்றிவிடாதீர்கள், தம்பி, இதற்கு இதுதான்” என்று தடுத்தார் அவர். இரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரானே. மயிரிழையின் பருமனில் அஃது இருபதில் ஒரு கூறும் ஆகாது. இரண்டையும் ஒன்றோடொன்று இழைத்து ஒன்றற்கொன்றாகவே செய்வர். உயிரெழுத்து எம்மெய்யோடும் கூடும். இப்பிளஞ்சரோ தன் குழலன்றிப் பிறிதொன்றிற் கூடாது என எண்ணி வியந்தேன். அவ்விடைவெளியில் மெழுகாய் நின்று காப்பது டீசலே. நீர் புகுந்தால் அக்காப்பு நீங்கும்; இரும்பு இரும்பை உராயும்; துருவும் பிடிக்கும். வெளிச்சத்திற் காட்டினார், இரண்டு பிளஞ்சர்களின் மேனியில் நகக்கீறல் போன்ற கோடுகள் இருந்தன. என் சோம்பல் இரும்பில் எழுதிய எழுத்து அது.

அவ்விரண்டு இணைகளையும் மாற்றினார். பின்பு நாசில்களைச் சோதனைக் கருவியில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தம் ஏறியபின் நல்ல நாசில் ‘கிர்’ரென்னும் ஒலியுடன் பனிபோல் தூவிற்று, கெட்டது சொட்டிற்று. பனியைத் தொட யான் கை நீட்டியபோது அவர் சினந்தார். அத்தூவல் தோலைத் துளைத்து உட்புகும் என்றார். அன்றைச் செலவிற்கு என் அன்னையாரின் வளையல் ஒன்று அடகுக்கடைக்குச் சென்றது. அவரும் ஒரு சொற் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் எனக்கு இலேசாயிருக்கும்.

பம்பை மாட்டியபின் ஒரு வேலை எஞ்சியிருந்தது. குழாயிற் காற்று இருப்பின் எந்திரம் பற்றாது. பில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தேன். முதலில் நுரை வந்தது. பின்பு நுரையும் எண்ணெயும் விட்டுவிட்டு வந்தன. இறுதியில் குமிழியற்ற எண்ணெய் ஒழுகிற்று. திருகை இறுக்கினேன். தந்தையார் சாவியைத் திருப்பினார். வெண்புகை எழுந்தது, சிறிது தடுமாறியபின் ஆறும் ஒருசேர முழங்கின. “இன்று நீ ஓட்டு” என்று இறங்கி மறுபுறம் ஏறிக்கொண்டார்.

விடுமுறை முடியுமுன் சேலம் சென்று அவ்வோட்டுநரைக் கண்டேன். காலில் அறுவை நிகழ்ந்திருந்தது. கோல் ஊன்றி நாலடி நடந்து காட்டினார். அந்த ஒரு மணி நேரம் அவர்க்கு எவ்வளவு கேடு செய்தது என்பதை யான் அறியேன். அறியாமை என்னை விடுவிக்கவும் இல்லை. நிகழ்ந்தவற்றை மறைக்காது கூறினேன். அவர் சிறிது நேரம் சன்னல் வழியே சாலையைப் பார்த்திருந்தார். பின்பு திரும்பி, “இப்போது பீப்பாயைப் படுக்க வைத்திருக்கிறீர்களா, தம்பி?” என்று வினவினார்.

“வைத்திருக்கிறேன், அண்ணா” என்றேன். இன்றும் நம் விடுதியில் நள்ளிரவு மழை பெய்யுங்கால் அவ்வினாவே என்னை எழுப்புகின்றது. உடனே வீட்டிற்குத் தொலைபேசி செய்ய எண்ணுவேன். பின்பு, என் தந்தையார் அதனை மறப்பவரல்லர் என்பதை நினைந்து மீண்டும் துயில்வேன்.