இரவு உணவு ஏழரை மணிக்கு

ஐரோப்பா போகிறோம் என்றால் பத்து நாளில் ஆறு நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் நம்மில் பலர் கணக்குப் போடுகிறோம். காலையில் பேருந்து, மதியம் கோபுரம், மாலையில் படம். இரவு எந்த ஊரில் தூங்கினோம் என்பதுகூட நினைவிருக்காது. அதற்கு நேர் எதிரான விடுமுறை ஒன்று பிரான்சின் கிராமங்களில் இருக்கிறது. பகலில் நடை, மாலையில் ஒரு சின்ன ஹோட்டல், மறுநாள் அடுத்த ஊருக்கு மீண்டும் நடை. அவ்வளவுதான்.

இந்த நடைக்குப் பெயர் பெற்ற பாதைகளில் ஒன்று, தென் பிரான்சின் 'ஜிஆர் 70'. எல்லாரும் ஸ்டீவன்சன் பாதை என்கிறார்கள். 'டிரெஷர் ஐலண்ட்' கதை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனேதான். 1878 செப்டம்பரில், 27 வயதில், மொடெஸ்டின் என்ற கழுதையின் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு லெ மொனஸ்தியே என்ற ஊரிலிருந்து கிளம்பினார். 12 நாளில் சுமார் 200 கிலோமீட்டர் நடந்தார். மறு ஆண்டே அது புத்தகமாக வந்தது. இன்றைய பாதை லெ புய் நகரில் தொடங்கி அலெஸ் நகரில் முடிகிறது. மொத்தம் சுமார் 270 கிலோமீட்டர்.

அத்தனையும் நடக்க இரண்டு வாரம் வேண்டும். நானும் தங்கையும் 64 வயது அம்மாவும் நடந்தது முதல் நான்கு நாள் மட்டும்: லெ புய்யிலிருந்து லாங்கோஞ் வரை, ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பழைய எரிமலை மண். இரு பக்கமும் பருப்பு வயல்களும் மேய்ச்சல் நிலமும். மரத்திலும் கல்லிலும் சிவப்பு, வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதைப் பார்த்தே நடக்கலாம். பெருக்கல் குறி தெரிந்தால் அது தவறான வழி. இரண்டாம் நாள் கூதே என்ற ஊரில் லுவார் நதியைக் கடந்தோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் நதி, அங்கே இன்னும் குழந்தை.

பாதையோர ஹோட்டல்களில் நட்சத்திரங்களைத் தேடாதீர்கள். முன்பக்கம் ஊர்க்காரர்கள் காப்பி குடிக்கும் கூடம், உள்ளே சாப்பாட்டு அறை, மரப்படி ஏறினால் சில அறைகள். லிஃப்ட் இருக்காது. கதவருகே சேற்றுக் காலணியைக் கழற்றி வைக்க ஓர் அலமாரி இருக்கும். பெரும்பாலும் 'தெமி பான்சியோன்' முறையில்தான் அறை தருகிறார்கள். அதாவது இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இரவு உணவு ஏழு, ஏழரைக்கு எல்லாருக்கும் ஒன்றாக. அன்று என்ன சமைத்தார்களோ அதுதான்.

ஊர் திரும்பி வானொலியில் இதைப் பேசியபோது நேயர்கள் கேட்ட முதல் கேள்வி, "சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" நியாயமான கேள்வி. முன்பதிவு செய்யும்போதே சைவமா, மாட்டிறைச்சி வேண்டாமா என்று எழுதிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ஆம்லெட்தான் கிடைக்கும். முன்கூட்டிச் சொன்னால் லெ புய்யின் புகழ்பெற்ற பச்சைப் பருப்பு இருக்கிறது, பாலாடைக்கட்டி இருக்கிறது, சூப் இருக்கிறது. அம்மா மட்டும் கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்தார்.

கூதேயிலிருந்து லெ பூஷே ஊருக்கு ஏறும்போது அம்மாவின் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. மணி ஆறரை தாண்டிவிட்டது. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது எதிரே பழைய கார் ஒன்று வந்து நின்றது. ஹோட்டல்காரர். மூன்று பேர் இன்னும் வரவில்லையே என்று தேடி வந்திருக்கிறார். ஏறிக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்தார். அம்மா அசையவில்லை. "தோட்டத்துல மரம் சீவப் போனப்போ நடக்காத நடையா? நான் நடந்தே வர்றேன்னு அவர்கிட்ட சொல்லு," என்றார். அவர் சிரித்துக்கொண்டே எங்கள் பைகளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் போய் உட்காரும்வரை யாருக்கும் சூப் பரிமாறப்படவில்லை.

நகரத்து ஹோட்டலில் நாம் வராவிட்டால் யாருக்குத் தெரியும்? லெ பூஷே சில நூறு பேர் வாழும் ஊர். லாங்கோஞ் இருக்கும் லொசேர் மாவட்டத்தில் 80,000 பேர்கூட இல்லை; பிரான்சிலேயே மக்கள் மிகக் குறைந்த மாவட்டம் அதுதான். பிழைப்புக்காக இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட்ட மலைநாடு. இப்படிப்பட்ட ஊர்களில் நடந்து வருகிறவர்களை நம்பித்தான் பல அடுப்புகள் எரிகின்றன. நமக்கு அது ஓர் இரவு. அவர்களுக்கு அந்த இரவின் வருமானம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

லியோன் நகரிலிருந்து லெ புய்க்கு ரயில் உண்டு. லாங்கோஞ்சிலும் ரயில் நிலையம் இருப்பதால் திரும்புவது எளிது.

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் பல ஹோட்டல்கள் மூடிவிடும்.

பெரிய பெட்டியைத் தூக்க வேண்டாம். கட்டணம் கட்டினால் வேனில் அடுத்த ஹோட்டலில் கொண்டுபோய் வைக்கும் சேவை இருக்கிறது.

சின்னப் பிள்ளைகள் இருந்தால், முன்கூட்டிச் சொல்லி ஒரு கழுதையை வாடகைக்கு எடுக்கலாம். கைப்பேசியைக் கேட்காமல் பிள்ளைகள் அதன் பின்னாலேயே நடப்பார்கள்.

திட்டம் மாறினால் காலையிலேயே ஹோட்டலுக்கு ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏழு மணிக்கு உங்களைத் தேடி யாராவது காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.