உதகைக் குளிரும் பெட்டிக்குள் ஸ்வெட்டரும்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும்போது விசிறியும் கையுமாக இருப்பவர்கள், குன்னூர் நெருங்குவதற்குள் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்டெடுத்து உதறினால் முழங்கையருகே ஒரு பொத்தல்! போன வருஷம் முழுசாகத்தானே இருந்தது?

குளிரும் பனியும் அதற்குக் காரணமல்ல. மலையிலிருந்து இறங்கியதும் நாம் செய்கிற காரியம்தான். நாலு நாள் போட்டதுதானே என்று துவைக்காமல் மடித்துப் பெட்டியின் அடியில் தள்ளிவிடுகிறோம். பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. அதன் முட்டையிலிருந்து வரும் புழுதான் கம்பளியை அரிக்கிறது. வியர்வையும் பஜ்ஜி எண்ணெயும் ஒட்டிய கம்பளி என்றால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு!

மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு இன்னொரு கவலை, பூஞ்சணம். ஜூன், ஜூலையில் உதகையிலும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரிலும் நாள் கணக்கில் வெயில் தலைகாட்டாது. பட்டுப் புடவையில் வெள்ளை பூத்துவிடும். அதனால் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடக் கூடாது. ஒரு மணி நேரம் வெயில் அடித்தாலும் போதும், அடுப்பை அணைத்துவிட்டுத் துணிகளை வெளியே எடுத்துப் போட வேண்டியதுதான். பட்டு மட்டும் நிழலில் காயட்டும்.

உதகைக் கடைத்தெருவில் எங்கு திரும்பினாலும் நீலகிரித் தைலம். யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மலைக்கு வந்தது 1843-ல். தைலத்தைப் பஞ்சில் நனைத்துப் பெட்டியில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். வாசனைக்குப் பூச்சி சற்று விலகும், வாஸ்தவம்தான். உள்ளே இருக்கும் புழு சாகாது. கம்பளியில் பட்ட எண்ணெய்க் கறையை எடுக்கத்தான் அது கைகண்டது. சுத்தமான துணியில் இரண்டு சொட்டு விட்டு ஒற்றுங்கள். முதலில் உள்மடிப்பில் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வெட்டரைப் பூந்திக்கொட்டை நுரையில், பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி அழுத்தி, பாயில் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் போட்டால் நீண்டு தொங்கிவிடும். புழு இருக்குமோ என்று சந்தேகமா? நன்றாகக் காய்ந்த உடுப்பை பாலிதீன் பையில் இறுகக் கட்டி, ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்து எடுங்கள்.

தோடர் பெண்கள் பூவேலை செய்யும் 'பூத்துக்குளி' போர்வையை வாங்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் ஏதுமின்றி, துணியின் இழைகளை எண்ணி எண்ணியே குத்துகிறார்கள். ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. இறந்தவரின் உடலையும் அவர்கள் பூத்துக்குளியில்தான் போர்த்துகிறார்கள். அத்தனை மதிப்பு அதற்கு. பருத்திதானே, பூச்சி வராது என்று எண்ணிவிடாதீர்கள். பூவேலை நூல் கம்பளியாக இருந்தால், துணியை விட்டுவிட்டுப் பூவை மட்டும் தின்றுவிடும்! துவைக்குமுன் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நூலை ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஊற வைக்கவே வேண்டாம். நிழலில் உதறி, பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை பிரித்து மடிப்பை மாற்றுங்கள்.