பொபி ஓர் அவர்களுக்கு, டிபென்ஸ் ஆடும் ஒரு பிள்ளையின் தாயிடமிருந்து

மதிப்புக்குரிய பொபி ஓர் அவர்களுக்கு,

ரொறன்ரோவில் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டிக்கொண்டு அலையும் தமிழ்ப் பெற்றோரில் நானும் ஒருத்தி. நம் பிள்ளைகள் இன்று ஆடும் ஆட்டம் யாரால் இப்படி ஆனது என்று என்னைப் போன்றவர்களும் அறிய வேண்டும். அதனால் உங்களுக்கான நன்றியைத் தமிழிலேயே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

என் மகள் டிபென்ஸ் ஆடுகிறாள். தன் கோலுக்குப் பின்னால் பக்கை, அதாவது ஆடும் வட்டை, எடுத்தால் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் கோல் வரைக்கும் தானே கொண்டுபோவாள். பயிற்றுநரும் "போ, போ" என்றுதான் கத்துவார். 1966இல் 18 வயதுப் பையனாக நீங்கள் பொஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்தபோது டிபென்ஸ்காரரின் வேலை பெரும்பாலும் வேறு. எதிராளியை மறிக்க வேண்டும், பக்கைப் பிடுங்கி முன்னால் நிற்பவருக்குத் தள்ள வேண்டும், பின்னாலேயே காவல் நிற்க வேண்டும். நீங்களோ பரி சவுண்டில் உறைந்த ஆற்றிலும் குடாவிலும், பக்கை விடாமல் வைத்திருப்பதே ஆட்டம் என்று வளர்ந்தவர். சிறு வயதில் உங்களை டிபென்ஸில் நிறுத்திய பக்கோ மக்டொனால்டும் அந்தப் பழக்கத்தை அடக்கவில்லை. அவர் மோதி மறித்து ஆடியே பேரெடுத்த டிபென்ஸ்காரர். தான் ஆடாத ஆட்டத்தை ஒரு பிள்ளையை ஆடவிட்ட அந்த மனிதருக்கும் என் நன்றி சேரட்டும்.

1970இல், கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து 120 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்தீர்கள். 1975இல் மறுபடியும். உங்களைத் தவிர வேறு எந்த டிபென்ஸ்காரருக்கும் அது இன்றுவரை வாய்க்கவில்லை. முன்னால் ஓடுகிறவன் பின்னால் ஓட்டை விடுவான் என்று சொல்வார்கள். 1970–71 பருவத்தில் நீங்கள் ஐஸில் நின்ற நேரம் உங்கள் அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால், எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போடும் பவர் பிளே கோல்களைச் சேர்க்காமலே, 124 மிச்சம். அப்படிச் சொன்னவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

1970ஆம் ஆண்டு ஸ்டான்லி கிண்ணத்தை வென்று தந்த கோலையும், நீங்கள் காற்றில் கிடையாகப் பறக்கும் அந்தப் படத்தையும் எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு உங்கள் இடது முழங்காலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

முதல் பருவத்திலேயே அது அடிபட்டது. பிறகு பத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள். சிறு துளையால் கருவியை விட்டுச் சரிசெய்யும் முறை அப்போது பரவியிருக்கவில்லை. முழங்காலைத் திறந்து, கிழிந்த குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். அது போனால் எலும்பும் எலும்பும் உரசும். அந்தக் காலோடுதான் 1968 முதல் 1975 வரை ஒரு வருடமும் தவறாமல், மிகச்சிறந்த டிபென்ஸ்காரருக்கான நோரிஸ் விருதை வாங்கினீர்கள். நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பின்னாலேயே நின்று ஆடியிருந்தால் அந்தக் கால் இன்னும் பல வருடம் நின்றுபிடித்திருக்கும் என்றே நம்புகிறேன். பக்கோடு நடுவால் போகிறவரைத்தான் எல்லோரும் குறிவைத்து மோதுவார்கள். இது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் போனீர்கள். நீங்கள் போனதால்தான் இன்று என் மகளை முன்னால் போகாதே என்று யாரும் தடுப்பதில்லை. அந்தக் கடன் எனக்குண்டு.

1972இல் சோவியத் அணியோடு கனடா ஆடிய தொடரை அந்தக் கால் உங்களிடமிருந்து பறித்தது. 1976இல் நாடுகளுக்கிடையே நடந்த கனடா கிண்ணத் தொடரின்போது நீங்கள் காலையில் நடக்கவே சிரமப்பட்டதாக உடன் ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தொடரின் மிகச்சிறந்த வீரர் நீங்கள்தான். அந்தப் பழைய பதிவுகளைப் பார்க்கும்போது, "போதும் தம்பி, இருங்கோ" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அதன் பிறகு சிக்காகோ அணிக்காக உங்களால் ஆட முடிந்தது 26 ஆட்டங்கள்தான். நடுவில் ஒரு பருவம் முழுக்க ஆடவில்லை. ஆடாமல் சம்பளம் வாங்கக்கூடாது என்று அந்தக் காசோலைகளை நீங்கள் மாற்றவில்லை. நம்பியிருந்த முகவரால் பிறகு கையில் காசில்லாமல் நின்ற நீங்கள்தான் அப்படி நடந்தீர்கள். இதை என் மகளுக்கு இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கோல் கணக்கைவிட இதைத்தான் அவள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

1978 நவம்பரில், 30 வயதில், இனி முடியாது என்று நிறுத்தினீர்கள். அதற்கும் நன்றி சொல்ல வேண்டும். வலியைச் சொல்லாமல் மறைத்து ஆடும் பிள்ளைகள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். பொபி ஓரே நிறுத்தினார் என்று சொன்னால் ஓரளவு காது கொடுக்கிறார்கள்.

இப்போது செயற்கை மூட்டோடு நடக்கிறீர்கள் என்று அறிந்தேன். நீங்கள் நோவில்லாமல் நீண்ட காலம் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.


ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்