பவளத்தின் வம்சம்

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் பவளங்கள் முட்டையிடுவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒரு பௌர்ணமி கழிந்த சில இரவுகளில். இருட்டியதும் பவளத்தின் சிற்றுயிரான ஒவ்வொரு பாலிப்பின் வாயிலும் கடுகளவு இளஞ்சிவப்பு உருண்டை எட்டிப் பார்க்கும். முட்டையும் விந்தணுவும் சேர்ந்த பொட்டலம் அது. பெரும்பாலான இனங்களில் ஒரே பாலிப்பே ஆணும் பெண்ணும். உருண்டை மிதந்துபோய் மேலே உடையும். பாலிப்புகள் கூடி வாழும் அயல் திட்டிலிருந்து வந்தவற்றோடு அங்கேதான் கருவுறுதல். விடிந்தால் கடல்மேல் ஏடு படிந்திருக்கும். இத்தனை பெரிய திருவிழா ஆய்வாளர் கண்ணில் பட்டது 1980களின் தொடக்கத்தில்தான்.

பவளம் பிராணி என்பதே லேசில் ஏற்கப்படவில்லை. மார்செய் நகரத்து வைத்தியர் பெய்சொனெல் 1720களில் மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளத்தைக் கடல்நீர்ப் பாத்திரத்தில் இட்டுப் பார்த்தார். மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு முன்பே 'பூ' என்று அறிவித்திருந்த எட்டு வெள்ளை இதழ்கள் தொட்டதும் சுருங்கின. பூ அல்ல, உயிருள்ள பூச்சி என்று எழுதி அனுப்பினார். பாரிஸ் அகாதெமியில் அதைப் பற்றிப் பேசிய ரெயோமூர் என்னும் அறிஞர், எழுதியவர் மானம் போகக்கூடாதென்று பெயரையே மறைத்துவிட்டார். அறிஞர்களின் கருணை சில நேரம் அப்படித்தான்.

கருவுற்ற முட்டை ஓரிரு நாளில் பிளானுலா என்னும் நுண்மயிர் போர்த்த இளவுயிரியாகும். சில நாள் அலைந்தபின் தரையிறங்கும். கண் இல்லை, ஆனாலும் தேர்வு கறார். கல்லாய் இறுகிய இளஞ்சிவப்புப் பாசி வெளிவிடும் வேதிப்பொருள்கள் அதை ஈர்க்கின்றன. ஒட்டியதும் உடல் தட்டையாகி, நடுவில் வாயும் சுற்றிலும் உணர்விழைகளும் தோன்றும். அடியில் சுண்ணாம்புக் கிண்ணம். இனி அசைவதற்கில்லை.

அதன்பின் கலவியில்லாமலே பெருக்கம். சில இனங்களில் பக்கத்தில் மொட்டு விடும். சிலவற்றில் வாயே இரண்டாகப் பிளக்கும். மூளைப் பவளத்தில் வாய் பிளந்தபின்னும் இடையே சுவர் எழுவதில்லை. அந்த வளைந்த பள்ளங்கள் பாதியில் நின்ற பிரிவினைகள். பாலிப்புகளை மெல்லிய சதைப்படலம் இணைக்கும். ஒன்று தின்றது மற்றதற்கும் போகும், பாகம் பிரியாத வீட்டுச் சமையல்போல. உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியும் உணவு தரும். மான்கொம்பு வகை ஆண்டுக்கு 10 செ.மீ. வரையும் அதற்கு மேலும் வளர, போரைட்டிஸ் என்னும் குன்றுவடிவப் பவளங்கள் ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளரும்.

புயலில் ஒடிந்த கிளையும் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு தனித் திட்டாகிவிடும். கரிபியக் கடலின் ஒரு கிளைப்பவள இனத்தில் இப்படிப் பரவிய சில மரபுகள் ஆயிரம் ஆண்டுகளையும் தாண்டியவை என்று மரபணுக் கணக்கு சொல்கிறது. அவை ஒரே பவளமா, பலவா? ஆய்வாளர்கள் திட்டுகளை ஒரு கணக்காகவும் மரபுகளை இன்னொரு கணக்காகவும் எண்ணிக்கொள்கிறார்கள்.